கை பேசுகிறது, கோர்ட்டுக்குப் புரியுமா?

மூலக்குளம் பக்கம் ராத்திரி 10 மணிக்கு ஒரு அடிதடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குக் கத்திக்குத்து. நேரில் பார்த்தவர் ஒரே ஒரு ஆள். அவருக்குக் காது கேட்காது. வாய் பேச வராது.

அவர் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுகிறார். கையை ஆட்டி, முகத்தைச் சுளித்து நடந்ததை எல்லாம் சொல்கிறார். "என்னப்பா சொல்றாரு இவரு? கூட யாராவது வந்திருக்கீங்களா?" என்கிறார் ரைட்டர்.

தம்பியோ, பெண்டாட்டியோ வருவார். "இவர் பாஷை எனக்குத் தெரியும் சார்" என்பார். அவர் சொன்னது வாக்குமூலம் ஆகிவிடும்.

இது கற்பனைதான். ஆனால் அப்படி எழுதிய சாட்சியம் கோர்ட்டில் என்ன பாடுபடும் என்பது கற்பனை அல்ல.

கொலை வழக்கில் விடுதலை

ராஜஸ்தானில் ஒருவர் கொலை செய்யப்பட்டார். கண்ணால் பார்த்த சாட்சி அவருடைய மனைவி. காது கேளாத, வாய் பேச முடியாத பெண். கோர்ட்டில் சைகையால் சாட்சி சொன்னார்.

அதை எடுத்துச் சொன்னது யார் தெரியுமா? அந்தப் பெண்ணைப் பெற்ற தகப்பன்!

கீழ்க்கோர்ட்டு தண்டனை கொடுத்தது. ஐகோர்ட்டு விடுதலை செய்தது. சுப்ரீம் கோர்ட்டும் 2012 மே மாதம் 21-ந் தேதி அந்த விடுதலையை உறுதி செய்தது. தகப்பனார் வழக்கில் அக்கறை உள்ளவர், அவருக்குச் சத்தியப்பிரமாணம் செய்து வைக்கவில்லை, அதனால் சாட்சியத்தை நம்ப முடியாது என்பது முக்கிய காரணங்களில் ஒன்று.

மொழிபெயர்ப்பவர் சாட்சியின் சூழ்நிலையை அறிந்தவராக இருக்க வேண்டும், ஆனால் வழக்கில் எந்தச் சம்பந்தமும் இருக்கக்கூடாது என்றது சுப்ரீம் கோர்ட்டு. சைகைக்கு அர்த்தம் எழுதினால் மட்டும் போதாது, காட்டிய சைகையே பதிவாக வேண்டும் என்றும் சொன்னது.

புருஷனைப் பறிகொடுத்த பெண் தன் கண்ணால் பார்த்ததைச் சொன்னாள். அது சபை ஏறவில்லை. தகப்பன் பொய் சொன்னார் என்று யாரும் சொல்லவில்லை. அந்த இடத்தில் நிற்க வேண்டிய ஆள் அவர் இல்லை. அவ்வளவுதான்.

சட்டம் ரெடி, ஆள் எங்கே?

அதன் பிறகு சட்டம் மாறியது. 2013-ல் சாட்சியச் சட்டத்தைத் திருத்தினார்கள். பேச முடியாத சாட்சிக்கு மொழிபெயர்ப்பாளரோ, சிறப்பு ஆசிரியரோ உதவ வேண்டும், வாக்குமூலத்தை வீடியோ எடுக்க வேண்டும் என்றானது. 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் 125-வது பிரிவு இதைச் சொல்கிறது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான 2012-ம் ஆண்டு போக்சோ சட்டத்திலும், 2016-ம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் இதுபோன்ற ஏற்பாடுகள் உண்டு.

ஏட்டில் எல்லாம் இருக்கிறது. ராத்திரி 10 மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்து நிற்க ஆள் வேண்டுமே!

2011 மக்கள் தொகைக் கணக்குப்படி நாட்டில் காது கேளாதவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். உழவர்கரை நகராட்சியில் மட்டும் அப்போதே 3 லட்சம் ஜனங்கள். நம் தெருவிலும் அப்படி ஒருவர் இருப்பார். கடைக்கு வருவார். விரலை நீட்டிச் சாமான் கேட்பார். காசு கொடுத்துப் போவார். அங்கே மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. உயிரும், மானமும், சொத்தும் சம்பந்தப்பட்ட இடத்தில் தேவை.

டிப்ளமா மட்டும் போதுமா?

படிப்பு இல்லாமல் இல்லை. டெல்லியில் 2015-ல் மத்திய அரசு இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தைத் தொடங்கியது. பிளஸ் 2 முடித்தவர்களுக்கு மொழிபெயர்ப்பில் 2 வருட டிப்ளமா உண்டு. 10 ஆயிரம் சொற்கள் கொண்ட சைகை அகராதியும் 2021-ல் வந்துவிட்டது.

ஆனால் படித்து முடித்த பையனை நேராகக் கோர்ட்டுக்கு அனுப்பலாமா? லைசென்ஸ் வாங்கிய மறுநாளே ஒருவரை நெரிசல் நேரத்தில் டவுன் பஸ் ஓட்டச் சொல்வார்களா? அதே கதைதான்.

வகுப்பில் வாத்தியார் நிதானமாகச் சைகை காட்டுவார். ஸ்டேஷனில் அடிபட்டவர் அழுதுகொண்டே காட்டுவார். பள்ளிக்கூடம் பக்கமே போகாதவராக இருந்தால், வீட்டில் தானாகப் பழகிய சைகைதான் அவருக்குத் தெரியும். அது எந்த அகராதியிலும் இருக்காது. அமெரிக்கா போன்ற நாடுகளில் இதற்காகவே காது கேளாத ஒருவரையும் மொழிபெயர்ப்பாளராகத் துணைக்கு வைக்கிறார்கள்.

சைகை என்றால் எல்லா ஊருக்கும் ஒன்றுதானே என்று நினைப்பவர்கள் உண்டு. தப்பு. இங்கிலாந்தில் ஒரு சைகை மொழி; அமெரிக்காவில் வேறு. அமெரிக்க மொழியின் வேர் பிரான்சில் இருக்கிறது. 1761-ல் ஆங்கிலேயர் புதுவையைப் பிடித்தார்களே, ஏறக்குறைய அதே காலத்தில் பாரிசில் டி லெப்பே என்ற பாதிரியார் காது கேளாத பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி நடத்தினார். அங்கே படித்து ஆசிரியரான லோரான் கிளார்க் என்பவர் 1816-ல் அந்தச் சைகைகளை அமெரிக்காவுக்குக் கொண்டு போனார்.

இந்திய சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. கேள்விச் சொல் கடைசியில் வரும். "உன் பேர் என்ன?" என்று நாம் கேட்பது மாதிரியே! புருவமும் முகமும்கூட அதில் இலக்கணம்தான்.

மேடையில் நடந்த கூத்து

அரைகுறை ஆளை நிறுத்தினால் என்ன ஆகும்? தென்ஆப்பிரிக்காவில் 2013 டிசம்பர் 10-ந் தேதி நெல்சன் மண்டேலா அஞ்சலிக் கூட்டம். ஒபாமா உள்பட பெரிய தலைவர்கள் பேசினார்கள். பக்கத்தில் ஒருவர் கையை ஆட்டிக்கொண்டே நின்றார். உலகமே டெலிவிஷனில் பார்த்தது. காது கேளாதவர்களுக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை!

2017-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் இர்மா புயல். ஒரு மாவட்டத்தின் எச்சரிக்கைப் பேட்டியில் கைக்குக் கிடைத்த ஊழியரைச் சைகை காட்ட வைத்தார்கள். ஊரைக் காலி செய்யச் சொல்லும் நேரத்தில் "பீட்சா", "கரடி" என்று சைகை காட்டினார் அவர். கடலோரத்தில் இருக்கும் நமக்கு இது சிரிக்கிற விஷயம் அல்ல.

நன்றாகச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2023 செப்டம்பரில் காது கேளாத பெண் வக்கீல் சாரா சன்னி, மொழிபெயர்ப்பாளர் உதவியோடு சுப்ரீம் கோர்ட்டில் ஆஜரானார். தலைமை நீதிபதி கேட்டுக்கொண்டிருந்தார்.

என்ன செய்ய வேண்டும்?

புதிதாகப் படித்து வருகிறவர்களை ஒரு வருடமாவது அனுபவசாலியோடு சேர்த்து அனுப்ப வேண்டும். ஜூனியர் வக்கீல் சீனியரோடு போகிற மாதிரி. முதலில் பார்க்கட்டும். பிறகு சின்ன விஷயங்களைச் செய்யட்டும். பாங்கி, ரேஷன், பள்ளிக்கூட மீட்டிங். அப்புறம் ஆஸ்பத்திரி. கடைசியில்தான் ஸ்டேஷனும் கோர்ட்டும்.

சைகையோடு ஒழுக்கமும் கற்றுத்தர வேண்டும். கேட்டதைக் கூட்டாமல், குறைக்காமல் சொல்ல வேண்டும். ஜிப்மரில் டாக்டர் சொன்னது டீக்கடைக்கு வரக்கூடாது. சொந்தக்காரர் வழக்கு என்றால் "வேறு ஆளைக் கூப்பிடுங்கள்" என்று விலகும் துணிச்சல் வேண்டும். வெகுநேரம் தனியாகச் செய்தால் மூளை களைத்துத் தப்பு வரும். அதனால்தான் பல நாடுகளில் 2 பேரைப் போட்டு, 20, 30 நிமிடத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறார்கள்.

தேறினாரா இல்லையா என்று சொல்லும் பரீட்சைக் குழுவில் காது கேளாதவர்கள் இருக்க வேண்டும். புரிந்ததா என்று அவர்களுக்குத்தானே தெரியும்?

கூலியும் கொடுக்க வேண்டும். "சமூக சேவைதானே தம்பி, ஒரு டீ சாப்பிட்டுப் போங்க" என்றால் அந்தத் தம்பி அடுத்த மாதமே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலைக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

புதுவை அரசுக்கு இது பெரிய செலவு அல்ல. பிளஸ் 2 முடித்த 10 பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கலாம். படிப்புச் செலவைக் கொடுக்கலாம். திரும்பி வந்ததும் ஒரு வருடம் உதவித்தொகையோடு கோர்ட்டிலும், ஜிப்மரிலும், கதிர்காமம் ஆஸ்பத்திரியிலும் சீனியரோடு பழக விடலாம். தேறியவர்களின் பெயரையும் போன் நம்பரையும் ரெட்டியார்பாளையம், கோரிமேடு உள்பட எல்லா ஸ்டேஷன்களிலும் எழுதி மாட்டலாம். நேரில் வர முடியாத நேரத்தில் வீடியோ காலில் வரலாம்.

அடுத்த வழக்கில் தகப்பனைக் கூண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தும் நிலைமை இங்கே வரக்கூடாது. அரசு ஆவன செய்யுமா?