கொட்டேஷனில் இல்லாத ஒரு வரி

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அசெம்பிள்டு கம்ப்யூட்டருக்கு விலை கேட்டால் ஒரு தாளில் எழுதித் தருவார்கள். பிராசஸர், மதர்போர்டு, ரேம், எஸ்.எஸ்.டி., எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட் என்று ஒவ்வொன்றுக்கும் கம்பெனிப் பெயரும் விலையும் இருக்கும். இயங்குதளத்துக்கு மட்டும் பல கடைகளில் வரி இருக்காது. கேட்டால், "விண்டோஸ் நாங்களே போட்டுத் தந்துடுறோம் சார், அதுக்குக் காசு வேணாம்" என்று பதில் வரும். ரேம் எந்தக் கம்பெனி என்று கேட்டுக் கேட்டு வாங்குகிறவர்கள்கூட இந்த இடத்தில் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

காசு வாங்காமல் போட்டுத் தருவது பெரும்பாலும் கிராக் விண்டோஸ். அது வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. நூற்றுக்கணக்கான கணினிகள் உள்ள அலுவலகங்களுக்காக மைக்ரோசாஃப்ட் கே.எம்.எஸ். என்ற முறையை வைத்திருக்கிறது. அலுவலகத்தின் சர்வர் ஒவ்வொரு கணினிக்கும் 180 நாள் அனுமதி தரும். கணினி அதை அவ்வப்போது புதுப்பித்துக்கொள்ளும். பரவலாகப் புழங்கும் கிராக் வகை ஒன்று, உங்கள் கணினிக்குள்ளேயே போலியாக ஒரு சர்வரை ஓடவிட்டு அந்த அனுமதியை வாங்கிவிடுகிறது. அதை இயக்க, வைரஸ் தடுப்பான டிஃபெண்டரை முதலில் அணைக்க வேண்டியிருக்கும். நெட் பேங்கிங் செய்யப்போகும் கணினியில், யார் எழுதியது என்று தெரியாத ஒரு நிரலுக்கு முதல் நாளே முழு அதிகாரம் கொடுக்கிறோம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், இந்த ஒரு காரணமே அதை மறுக்கப் போதும்.

அப்படியானால் எதைப் போடுவது? "எது சிறந்தது" என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். "எனக்கு எந்த மென்பொருள் இல்லாமல் முடியாது" என்று கேட்டுப் பாருங்கள், பதில் தானாக வரும். டேலியில் கணக்கு எழுதுகிறவர், ஃபோட்டோஷாப்பில் ஆல்பம் வடிவமைக்கிறவர், வாலரன்ட் ஆடுகிற பையன் ஆகியோருக்கு விண்டோஸ்தான் வழி. பிரவுசர், மின்னஞ்சல், யூடியூப், கடிதம் தட்டச்சு, நிரல் எழுதிப் பழகுவது ஆகியவற்றோடு முடிகிறவர்களுக்கு லினக்ஸ் தாராளமாகப் போதும்.

விண்டோஸ் என்று முடிவானால் 11தான். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. உரிமத்தில் இரண்டு வகை உண்டு. ரீடெயில் உரிமத்தை நாளை வேறு கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம். ஓ.இ.எம். உரிமம் விலை குறைவு. ஆனால் அது அந்த மதர்போர்டோடு கட்டுப்பட்டது. மதர்போர்டு போனால் உரிமமும் போகும். சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் கிடைக்கும் 'கீ'களில் பலவும் நிறுவனங்களுக்கென்று தந்து வெளியே கசிந்தவை. இன்று ஏற்றுக்கொள்ளும், நாளை செல்லாது என்று சொன்னால் யாரிடமும் முறையிட முடியாது.

லினக்ஸ் என்றால் புதியவர்களுக்கு உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட். உபுண்டுவின் எல்.டி.எஸ். பதிப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும், ஐந்து ஆண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும், காசு கிடையாது. "அதெல்லாம் இன்ஜினியர்களுக்கு" என்பது பழைய பயம். கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் கணினி படிக்கிறார்கள். தமிழ்99 விசைப்பலகை இரண்டு தளங்களிலும் உண்டு. லினக்ஸை நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டியும் பார்க்கலாம். வைஃபை, ஸ்பீக்கர், பிரின்டர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று அப்போதே சோதித்துவிடுங்கள். பிரின்டர் மக்கர் செய்தால் முடிவை மாற்ற இன்னும் நேரம் இருக்கிறது.

நிறுவுவது இன்று பெரிய வித்தை இல்லை; முன்தயாரிப்புதான் முக்கியம். 8 ஜி.பி. அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவ் ஒன்று வேண்டும். அதிலுள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் கல்யாண ஃபோட்டோ வைத்த டிரைவை எடுக்காதீர்கள். விண்டோஸ் என்றால் மைக்ரோசாஃப்ட் தளத்திலுள்ள மீடியா கிரியேஷன் டூல். லினக்ஸ் என்றால் அதன் சொந்தத் தளத்தில் ஐ.எஸ்.ஓ. கோப்பை இறக்கி, ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் பென் டிரைவில் ஏற்றலாம். கூடவே மதர்போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து லேன், வைஃபை டிரைவர்களையும் இறக்கி வையுங்கள். விண்டோஸ் 11 ஹோம் நிறுவும்போது இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கும். புது மதர்போர்டின் வைஃபையை அதற்கு அடையாளம் தெரியாமல் போவதுண்டு. அந்தத் திரையில் நிற்கும்போது லேன் கேபிளோ, யு.எஸ்.பி. வழியாக ஃபோனின் இணையமோ கைகொடுக்கும்.

கணினியை முடுக்கியதும் டெலிட் அல்லது எஃப்2 விசையைத் தட்டினால் பயாஸ் திறக்கும். யு.இ.எஃப்.ஐ. முறையில் இருக்கிறதா, செக்யூர் பூட் இயங்குகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0, இன்டெல் போர்டுகளில் பி.டி.டி. என்றும் ஏ.எம்.டி. போர்டுகளில் எஃப்.டி.பி.எம். என்றும் இருக்கும். பிறகு பூட் மெனு: ஏசுஸ் என்றால் எஃப்8, எம்.எஸ்.ஐ. என்றால் எஃப்11, கிகாபைட் என்றால் எஃப்12. அங்கே பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் நிறுவல் தொடங்கும்.

விண்டோஸ் நிறுவும்போது பலரும் தயங்குவது பார்ட்டிஷன் திரையில்தான். புது எஸ்.எஸ்.டி. என்றால் 'அன்அலொகேட்டட் ஸ்பேஸ்' என்று ஒரே வரி இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து 'நெக்ஸ்ட்' கொடுங்கள். தேவையான பிரிவுகளை அதுவே போட்டுக்கொள்ளும். பழைய கணினியின் ஹார்டு டிஸ்க்கையும் இதில் மாட்டியிருந்தால் நிறுவி முடியும்வரை அதன் கேபிளைக் கழற்றி வையுங்கள். தவறான டிஸ்க்கை அழித்துவிட்டால் மீட்பது பெரும்பாடு. முதல் ரீஸ்டார்ட் ஆனதும் நிறுவல் மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்குவதுபோலத் தெரிந்தால் பதற வேண்டாம். கணினி மீண்டும் பென் டிரைவிலிருந்து எழுந்திருக்கிறது, அதை உருவிவிட்டால் சரியாகிவிடும். இரண்டு தளங்களும் வேண்டுமென்றால் விண்டோஸை முதலில், லினக்ஸைப் பிறகு. வசதி இருந்தால் ஆளுக்கொரு எஸ்.எஸ்.டி. கொடுத்துவிடுங்கள்.

டெஸ்க்டாப் வந்ததும் அப்டேட்டை முழுதாக ஓடவிட்டு, பிறகு மற்ற மென்பொருள்களை நிறுவுங்கள். விண்டோஸ் 11ல் இன்னொரு வேலையும் உண்டு. 24எச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து புதிதாக நிறுவும்போது, தகுதியுள்ள கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டு போட்டுக்கொள்கிறது. என்றைக்காவது பயாஸை மாற்றினாலோ மதர்போர்டை மாற்றினாலோ, 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். நிறுவிய அன்றே அதை ஒரு தாளில் அச்செடுத்து, கணினியின் பில்லோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.