அம்மாமாருக்கு வகுப்பெடுக்கிற நாங்கள்

கொஞ்ச நாளைக்கு முன்னம் எங்களில் மூன்று பேரை ஒரு கருத்தரங்குக்கு அழைத்திருந்தார்கள். வவுனியாவில், ஏசி போட்ட மண்டபம். தலைப்பு: 'கிராமிய மக்களுக்கு அரசியல் விழிப்புணர்வூட்டுவதில் இளைஞர்களின் வகிபாகம்'. 'வகிபாகம்' என்ற சொல்லைக் கண்டவுடனேயே மத்தியானச் சாப்பாடு நல்லாயிருக்கும் என்று தெரிந்துவிட்டது. நல்லாத்தான் இருந்தது. பேசிய எல்லோரும் ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். வன்னிச் சனத்துக்கு அரசியல் தெளிவு காணாதாம். நிவாரணத்துக்குக் கையேந்திப் பழகிவிட்டதாம். படித்த பிள்ளைகள் ஊருக்குள் இறங்கி அறிவூட்ட வேண்டுமாம். நாங்களும் தலையாட்டினோம். எங்களில் ஒருவர் குறிப்புக்கூட எடுத்தார்.

பஸ்ஸில் திரும்பி வரேக்கை ஒருத்தி கேட்டாள்: "எங்கட பெரியம்மாவுக்கு ஆர் விழிப்புணர்வு குடுத்தது?"

அவளுடைய பெரியம்மா 2017இல் கேப்பாப்புலவு றோட்டில் படுத்தெழும்பியவர். கனகராயன்குளம் தாண்டும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தக் கேள்வியால்தான் இதை எழுதுகிறோம். கொஞ்சம் கோபமாக இருக்கும். கோபத்தில் முக்கால்வாசி எங்கள்மேல்தான்.

அப்போது ஓஎல் படித்துக்கொண்டிருந்தவர்களுக்காக ஒருக்கா சொல்லிவிடுகிறோம். 2012 செப்டெம்பரில் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமை மூடினபோது கடைசியாக ஏற்றப்பட்டவர்களில் கேப்பாப்புலவுச் சனமும் இருந்தது. அவர்களை ஊருக்குக் கொண்டுபோகவில்லை. சீனியாமோட்டையில் காடு வெட்டின வெளியில் இறக்கினார்கள். ஊர் படைத்தளமாகியிருந்தது. பிறகு 'மாதிரிக் கிராமம்' என்று பெயர் வைத்தார்கள். சொந்தக் கிணறும் தென்னையும் வேலிக்கு அந்தப் பக்கம், சனம் வேலிக்கு இந்தப் பக்கம். எதற்கு மாதிரி என்று இன்றைக்கும் எங்களுக்கு விளங்கவில்லை.

2017 ஜனவரி 31. காணி விடப்போகிறார்கள் என்ற பேச்சை நம்பிப் பிலக்குடியிருப்புச் சனம் போனது. விடவில்லை. திரும்பி வராமல் விமானப்படை முகாம் வாசலிலேயே இருந்துவிட்டார்கள். தறப்பாள் கட்டினார்கள். மாசிப் பனி, நுளம்பு, பிள்ளைகள், கிழவிகள். முகாமுக்குள் இருந்து எந்த நேரமும் பார்த்துக்கொண்டிருக்கிற கண்கள். மார்ச் 1ஆம் திகதி, ஒரு மாதத்துக்குப் பிறகு, தங்கள் காணிக்குள் நடந்து போனார்கள். அதே நாளில் கேப்பாப்புலவின் மிச்சச் சனம் தங்களுடைய காணிக்காக இருக்கத் தொடங்கியது. அந்த வருடம் டிசம்பர் 28இல் 133 ஏக்கர் விடப்பட்டது. மிச்சம் இன்னும் முழுவதாகத் திரும்பவில்லை.

அந்த ஒரு மாதத்தை நாங்கள் எல்லோரும் படமாகத்தான் பார்த்தோம். ஒரு அம்மா நெஞ்சில் அடிக்கிறார், ஒரு பிள்ளை மட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. படத்துக்கு வெளியில் நடந்ததை யோசித்தோமா? இரவில் யார் முழித்திருப்பது, உலைக்கு அரிசி எங்கிருந்து, கூலிக்குப் போகவேண்டிய குடும்பம் எந்த நாளில் வருவது, வந்துபோகிற அரசியல்வாதியிடம் யார் கதைப்பது, 'முதலில் எழும்புங்கோ, பிறகு பேசுவம்' என்று சொல்லிக்கொண்டு வருகிற அதிகாரிக்கு என்ன மறுமொழி. இவ்வளவையும் யாரோ ஒவ்வொரு நாளும் தீர்மானித்திருக்கிறார்கள். பெரியம்மாவைக் கேட்டால் அவர் போராட்டம் என்ற சொல்லைக் கனக்கப் பாவிக்கமாட்டார். "முறை வைச்சுப் போனம்" என்பார். இருக்கிறவர்கள் களைத்துப்போகாமல் இருக்க வேண்டும், களைத்தவரை ஒருவரும் பேசக் கூடாது என்பதுதான் அவர்கள் தங்களுக்குள் வைத்திருந்த கட்டுப்பாடாம். இதற்குப் பெயர் அரசியல் இல்லையென்றால் வேறென்ன? அமைப்பாக்கம், தலைமைத்துவம் என்று பவர்பொயின்ற் போட்டு இரண்டு நாள் பயிற்சி கொடுப்பார்களே, அதில் எந்தப் பக்கத்தில் இது இருக்கிறது?

இரணைதீவுக் கதை இதைவிடப் பெரிது. 1992இல் இடம்பெயர்ந்த சனம், முழங்காவில் பக்கம் இரணைமாதாநகரில் கால் நூற்றாண்டு இருந்தது. கரையில் நின்றால் தீவு இருக்கிற திசை தெரியும், போய் இருக்கத்தான் ஏலாது. கடற்படை. 2017 மே 1இல் கரையில் உட்கார்ந்தார்கள். மனு, சந்திப்பு, வாக்குறுதி, அளவை, திரும்பவும் மனு. ஒரு வருடம் முடிய ஒரு கிழமை இருக்க, 2018 ஏப்ரல் 23 காலையில், வெள்ளைக் கொடி கட்டின வள்ளங்களில் ஏறிப் போய் இறங்கிவிட்டார்கள். அனுமதி கேட்கவில்லை. கேட்டுக் கேட்டுத்தானே ஒரு வருடம் போனது. பாழடைந்த கோயிலில் போய் மன்றாடினார்கள், வளவுகளைத் துப்புரவாக்கத் தொடங்கினார்கள். அடுத்த மாதமே அதிகாரிகள் தீவுக்குப் போய், இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

துவக்குப் படை நிற்கிற தீவுக்கு மீன்பிடி வள்ளத்தில் போவது ஆவேசத்தில் செய்கிற வேலையில்லை. காற்று எப்படி, எண்ணெய் யார் போடுவது, எந்த வள்ளத்தில் பெண்கள், எதில் சாமிமார், எதில் பத்திரிகைக்காரர், மறித்தால் என்ன சொல்வது என்று கதைத்து முடிவெடுத்துத்தான் போயிருக்க முடியும். 2021 மார்ச்சில் கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை இரணைதீவில் புதைப்பதாக அரசாங்கம் அறிவித்தபோதும் அதே சனம்தான் மறுநாளே தெருவுக்கு வந்தது. எரித்த பாவத்தைக் கழுவ இன்னொரு சிறுபான்மையின் தீவு கேட்டது அரசுக்கு. இரண்டு சமூகத்தையும் மோதவிடுகிற வேலை இது என்று முஸ்லிம் பக்கத்திலும் எதிர்ப்புக் கிளம்பியது. கடைசியில் ஓட்டமாவடியில்தான் அடக்கம் நடந்தது. 'அரசியல் தெளிவு காணாத' சனம் என்று மண்டபத்தில் சொன்னவர்கள் இதில் எதை மறந்துவிட்டுச் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? போனோம். மோட்டச்சைக்கிளில் ஐந்தாறு பேர், ஒரு பதாகை, ஒரு கமரா. எங்கள் பதாகையை அவர்களுடைய தறப்பாளுக்கு முன்னால் பிடித்தோம். அவர்கள் ஊற்றித் தந்த பிளேன்ரியைக் குடித்தோம். பின்னேரம் திரும்பி வந்து 'வரலாறு எங்களை விடுதலை செய்யும்' என்கிற தோரணையில் பதிவு போட்டோம். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் இருக்கத் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மா அப்பாமாரிடமும் இப்படித்தான் போய்வந்தோம். ஓகஸ்ட் 30க்கு ஒருக்கா, பெப்ரவரி 20க்கு ஒருக்கா. அவர்களில் பலர் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று அறியாமலேயே செத்துப்போய்விட்டார்கள். நாங்கள் அந்தச் சாவுக்கும் படம் போட்டோம்.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறோம். பெயர் வேண்டாம், வன்னியில் எந்த ஊரைப் போட்டாலும் பொருந்தும். கிராம அபிவிருத்திச் சங்கம் ஒன்று, மாதர் சங்கம் ஒன்று. பொதுநோக்கு மண்டபத்தில் மாதம் ஒருக்கா கூட்டம். நாற்பது பேர் வந்தால் முப்பத்தைந்து பேர் பெண்கள். முப்பது வயதுக்குக் கீழே ஒருவரும் இல்லை. நாங்கள் அதே நேரத்தில் மைதானத்தில், அல்லது போனில். 'சங்கக் கூட்டம்' என்றால் எங்களுக்குப் பகிடி. சேலை கட்டின அம்மாமார் கொப்பியில் கையெழுத்து வைக்கிற இடம்.

போன வருடம் ஒருநாள் போக வேண்டி வந்தது. ஊர் வாசலில் புதிதாகக் கட்டின மதகு கார்த்திகை மழையோடு உட்கார்ந்துவிட்டது. பள்ளிக்கூட பஸ் உள்ளுக்கு வராது. அதற்கு எவ்வளவு காசு ஒதுக்கினார்கள், யார் கட்டினது என்று சங்கம் கேட்கப் பார்த்தது. எங்களில் ஒருவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பற்றி நீளக் கட்டுரை எழுதியவர். 2016இன் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறை, ஏன் கேட்கிறாய் என்று ஒருவரும் காரணம் கேட்க முடியாது, எல்லாம் தண்ணிபட்ட பாடு. பொருளாளர் அம்மா கேட்டா: "அப்ப தம்பி, அந்தக் கடிதத்தை ஆரிட்டக் குடுக்கிறது?" தம்பிக்குத் தெரியாது. ஒரு விண்ணப்பம்கூட அவர் வாழ்க்கையில் எழுதினதில்லை.

தேடிப் பார்த்தால், ஒவ்வொரு அலுவலகத்திலும் தகவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும். கடிதம் வாங்கினதற்குப் பற்றுச்சீட்டுத் தர வேண்டும். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு, அதற்கும் மசியாவிட்டால் ஆணைக்குழு. நாங்கள் போன அலுவலகத்தில் முதல் நாள் "அந்தச் சேர் லீவு" என்றார்கள். இரண்டாம் நாளும் லீவு. மூன்றாம் நாள் பொருளாளர் அம்மா எங்களோடு வந்து, வாங்கில் இருந்து, பையில் இருந்து வெத்திலையை எடுத்தார். "சேர் வருமட்டும் இருக்கிறன்" என்றார். சேர் அரை மணித்தியாலத்தில் வந்தார். பதில் வர இரண்டு மாதம் எடுத்தது. தொகை இருந்தது, ஒப்பந்தக்காரரின் பெயர் இருந்தது. மதகு இன்னும் முழுதாகச் சரிவரவில்லை. ஆனால் அந்தக் கடதாசியைக் கொப்பியில் ஒட்டிவைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு கூட்டத்திலும் வாசிக்கிறார்கள்.

இதை வாசிக்கிற சிலர் முகம் சுளிப்பீர்கள் என்று தெரியும். மதகு, றோட்டு, தண்ணி என்று இறங்கினால் உரிமை என்கிற பெரிய கேள்வி காணாமல் போகும், அரசாங்கமும் அதைத்தான் விரும்புகிறது என்பீர்கள். நியாயமான பயம். 'அபிவிருத்தி' என்ற சொல்லைக் காட்டி வாயை மூடப் பார்த்தவர்களை நாங்களும் கண்டிருக்கிறோம். சில ஊர்ச் சங்கங்களின் தலைவர் கதிரை ஆளும் கட்சிக்காரரின் மடியில் இருக்கிறதும் உண்மை. ஆனால் கேப்பாப்புலவில் கேட்டது எது? உரிமையா, அபிவிருத்தியா? என்ர கிணத்தைத் தா என்று கேட்டார்கள். இரணைதீவில் கேட்டது தொழிலா, தாயகமா? கடலில் வலை போடுகிற சனத்துக்கு இது இரண்டும் வேறவேற கேள்வி இல்லை. வேறவேறாகப் பிரித்து வைத்தது மேடையில் பேசுகிறவர்கள்.

அடுத்தது பயம். இதைப் பகிடி பண்ண எங்களுக்கு மனமில்லை. 2009க்குப் பிறகு ஊர்க்கூட்டம் என்றால் சிவிலில் ஒருவர் பின்வரிசையில் நிற்பார், பெயர் கேட்பார். "ஒரு பிள்ளையக் குடுத்தது காணும்" என்று சொல்லுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அதற்குமேல் என்ன சொல்வது? ஆனால் அந்தப் பயம் அம்மாமாருக்கு எங்களைவிடக் கூட இருந்திருக்க வேண்டும். குடுத்தவர்கள் அவர்கள்.

பயம் என்று சொல்ல முடியாத இடத்திலும் நாங்கள் இல்லை என்பதுதான் வெட்கம். 2023 மார்ச் 9இல் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலைக் காசில்லை என்று நிறுத்தினார்கள். அதே மாதம் சபைகளின் காலம் முடிந்தது. கரைச்சி, பூநகரி, கரைதுறைப்பற்று, துணுக்காய் என்று எல்லாப் பிரதேச சபையும் இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர் இல்லாமல் செயலாளரின் கையில். ஊர் றோட்டுக்கும் சந்தைக்கும் சுடலைக்கும் பொறுப்பான சபை அது. நாங்கள் ஒரு மட்டைகூடத் தூக்கவில்லை. பிறகு 2025 மே 6இல் தேர்தல் வந்தது. வேட்பாளர் பட்டியலில் இளைஞர் இருக்க வேண்டும் என்று சட்டம், அதனால் எங்களில் இரண்டு பேரின் வீட்டுப் படலைக்கும் ஆள் வந்தது. பிறப்புச் சான்றிதழின் பிரதி கேட்டார்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

அந்தத் தேர்தல் சத்தத்துக்குள்தான் இன்னொன்று நடந்தது. 2025 மார்ச் 28 வர்த்தமானி. வடக்கின் நான்கு மாவட்டங்களில் 5,940 ஏக்கர் காணி, மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி. முல்லைத்தீவும் கிளிநொச்சியும் அதற்குள். ஜூன் 27இல் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. நாங்கள் அந்த மூன்று மாதமும் 'காணி பறிபோகிறது' என்று பகிர்ந்துகொண்டிருந்தோம். மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு அம்மா பொலித்தீன் பையில் சுற்றின பொமிற்றைக் கொண்டுவந்து, "இதுக்குள்ள எங்கட துண்டு வருதோ?" என்று கேட்டார். இறுதி யுத்தத்தில் எல்லாம் விட்டு ஓடினபோது இடுப்பில் கட்டிக்கொண்டு வந்த கடதாசி அது. உறுதியும் பொமிற்றும் தொலைத்தவர்கள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டதாரிகள் நாங்கள் இரண்டு பேர் அந்த வர்த்தமானியை ஒருநாளும் முழுதாக வாசித்திருக்கவில்லை.

அன்றைக்குத்தான் வாசித்தோம். மண்டபத்துப் படியில் இருந்து, போனில் பெருப்பிச்சு, இலக்கம் இலக்கமாக. இருட்டும்வரை. யாருக்குப் பொமிற் இருக்கிறது, யாருக்கு இல்லை, விதானையிடம் பதிவு இருக்கிறதா என்று ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினோம். பாதிதான் முடிந்திருக்கிறது. மிச்சத்தையும் கெதியாக எழுத வேண்டும்.

அடுத்த கருத்தரங்குக்கும் அழைப்பு வந்திருக்கிறது. அதே ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குச் சங்கத்தின் பொதுக்கூட்டம். செயலாளர் பதவிக்கு ஆளில்லை. மூன்று வருடமாக ஒரு அம்மாதான் கண்ணாடி இல்லாமல் கூட்டறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறார்.