யோசனைக்கும் பிணை வேண்டும்

அம்பத்தூரில் மாடித்தோட்டம் போட்ட அங்கத்தினர் ஒருவர், கத்தரிச் செடியில் பூ உதிர்கிறதே என்று காலையில் கைப்பேசிக் குழுவில் கேட்கிறார். உச்சிவேளைக்குள் ஆவடியிலிருந்தும் பூவிருந்தவல்லியிலிருந்தும் பத்து யோசனைகள் வந்து சேருகின்றன. தறியில் நாடா தடுக்கினால் என்ன செய்வது, மிதிவண்டிச் சங்கிலி நழுவினால் எப்படிச் சரிப்படுத்துவது, நாள் முழுதும் குனிந்து நெய்தவரின் முதுகு வலிக்கு எந்தப் பயிற்சி ஏற்றது என்பனவும் இவ்வாறே பரிமாறப்படுகின்றன. கூலி கேளாமல் அறிவைப் பகிர்ந்துகொள்ளும் இவ்வழக்கம் கூட்டுறவின் பண்பே ஆகும். அதனை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆயினும், ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. நம் திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் 1904-ஆம் ஆண்டிலேயே விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. இந்நாட்டின் முன்னோடிச் சங்கங்களுள் அது ஒன்று. அத்தகைய கிராமச் சங்கங்களின் அடிப்படை யாது? கடன் கேட்பவரின் நிலத்தையும் நாணயத்தையும் அண்டை அயலார் அறிந்திருந்தனர். அந்த அறிமுகமே பிணையாக நின்றது. யோசனையும் ஒருவகைக் கடன்தான். ஆனால் இன்று நம் கைக்கு வரும் யோசனைக்குப் பிணை நிற்பவர் யார்? சொன்னவர் தாமே செய்து பார்த்தாரா, யாரோ அனுப்பியதைத் திருப்பி அனுப்பினாரா என்பதுகூட விளங்குவதில்லை.

சென்ற கோடையில் நிகழ்ந்ததைக் கூறுவோம். அனல் காற்றில் பாவு நூல் அறுகிறது, என்ன செய்யலாம் என்று ஒருவர் கேட்டார். தறிக்கூடத்தில் நீர் தெளித்து ஈரம் காக்குமாறு விடை வந்தது. பருத்தி நூலுக்கு அது சரியான யோசனையே; ஈரப்பதம் ஏறினால் பருத்தியின் உறுதி கூடும். கேட்டவர் தறியில் ஏற்றியிருந்ததோ ரேயான் நூல். அது ஈரத்தில் வலுவிழக்கும் தன்மையது. நூல் முன்னிலும் அதிகமாக அறுந்தது; இரண்டு நாள் கூலியும் போயிற்று. சொன்னவர் பொய் சொல்லவில்லை, கேட்டவரும் சோம்பேறியல்லர். நூலின் பெயர் மட்டும் இருபுறத்திலும் விடுபட்டது. வயலில் பயிருக்குப் பழுதில்லாத ஒரு பிடி யூரியா, மாடியில் தொட்டிச் செடியின் வேரைக் கருக்கிவிடுவதும் இப்படித்தான்.

ஆதலின் நாம் வேண்டுவது யாதெனில், கேட்பவர் தம் நூல் எது, மண் எது, தண்ணீர் எப்படிப்பட்டது என்பதைச் சொல்லிக் கேட்கட்டும். விடையளிப்பவர் எவ்வளவு இட்டார், எத்தனை முறை செய்தார், பலன் என்ன என்று கூறட்டும். பலிக்காமற் போனதையும் மறைக்கவேண்டா. ஒருவர் தோல்வியை அறிந்தால் பத்துப் பேருக்கு நஷ்டம் மிச்சமாகும். பூச்சிமருந்தின் அளவையும் உடல்நோய்க்கான சிகிச்சையையும் மட்டும் செவிவழிச் செய்தியாக ஏற்கலாகாது. பயிர் விஷயத்தில் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தாரைக் கேட்கலாம். 2004 முதல் இயங்கிவரும் உழவர் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். முழங்கால் நொந்த முதியவர், இளைஞர் அனுப்பிய பயிற்சியைத் தொடங்குமுன் மருத்துவரைக் காண்பதே முறை.

இவ்வளவு நிபந்தனை விதித்தால் எவரும் வாய் திறவார் என்று சிலர் கூறக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. தறியிலும் தோட்டத்திலும் உழைத்தவரிடம் இவ்விவரங்கள் எப்போதும் உண்டு. கேட்பார் இல்லாமையால் சொல்லாதிருக்கின்றனர். குறிப்பாக, கைப்பேசியில் எழுதப் பழகாத மூத்த நெசவாளரின் அனுபவம் குழுவுக்கு வருவதே இல்லை.

உலகக் கூட்டுறவு இயக்கம் 1995-இல் வகுத்த ஏழு கொள்கைகளுள் ஐந்தாவது, கல்வியும் பயிற்சியும் தகவலும் பற்றியது. அதற்கிணங்க, செய்து பார்த்துத் தேறிய யோசனைகளை மாதந்தோறும் தொகுத்து, சொன்னவர் பெயருடன் சங்க அறிவிப்புப் பலகையில் இடுவோம். மாதக் கூட்டத்தில் படித்துக் காட்டுவோம். அங்கே மூத்தவர்கள் திருத்தம் சொல்லட்டும். அந்தத் திருத்தம் மறுநாளே குழுவுக்குப் போகட்டும். அடுத்த கோடைக்குள் இதனைத் தொடங்கிவிடவேண்டும் என்பது நம் கோரிக்கை.