ஸ்பானிய மொழி வகுப்பின் விதிகள்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் உயர்நிலைப் பள்ளிகளிலே ஸ்பானிய மொழியைப் பாடமாக எடுத்துக்கொள்ளும் மாணவனுக்கு, முதல் நாளன்று ஆசிரியர் பெரும்பாலும் கையளிப்பது பாடநூலன்று. விதிகள் அச்சிட்ட ஓர் ஏடாகும். அவன் கொண்டுவர வேண்டிய குறிப்பேடு எத்தகையது, காலந்தாழ்த்து வருவோனுக்கு ஆவது யாது, வராத நாளின் பாடத்தை எத்தனை நாட்களுள் எழுதித் தரல் வேண்டும், வீட்டுவேலைக்கு மதிப்பெண்ணிற் பங்கு எத்துணை, கைப்பேசியை எங்கே வைத்தல் வேண்டும் என்பன யாவும் அதிற் காணப்படும். மாணவன் அவ்வேட்டை இல்லத்துக்குக் கொண்டுபோய், பெற்றோரின் கையொப்பம் பெற்றுத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும்.

இவ்விதிகளுட் பல எப்பாடத்துக்கும் பொதுவானவை. காலத்தில் வருக, நூலைக் கொணர்க, பிறர் பேசுங்கால் இடைமறியாதே என்பவற்றை மறுப்பார் யார்? அவற்றைப்பற்றி நாம் வழக்காட வேண்டுவதில்லை. மொழி வகுப்புக்கே சிறப்பாக உரிய விதி ஒன்றுண்டு. "இவ்வறையினுட் புகுந்தபின் ஸ்பானிய மொழியே பேசல் வேண்டும்; ஆங்கிலம் பேசுவோர் மதிப்பெண் இழப்பர்" என்பது அது. எல்லா ஆசிரியரும் இதனை இத்துணைக் கடுமையாக எழுதுவதில்லை. சிலர் முதலாண்டு மாணவர்க்கு விலக்களிப்பர். சிலர் பிற்பாதியை விடுத்து முற்பாதியை மட்டும் எழுதுவர். இதன் முற்பாதி மிக நன்று, பிற்பாதி தீது என்பது என் கருத்து.

முற்பாதி ஏன் நன்றென்பதை முதற்கண் காண்போம். அமெரிக்க அரசாங்கம் தன் தூதலுவலர்க்கு அயன்மொழிகளைப் பயிற்றுவதற்கென ஒரு கழகம் நடத்துகின்றது. ஆங்கிலம் அறிந்தோர் எளிதிற் கற்கத்தக்க மொழிகளின் வரிசையிலேயே அக்கழகம் ஸ்பானிய மொழியை வைத்திருக்கின்றது. அங்ஙனம் வைத்தும், அலுவல் நடத்தும் அளவுக்குத் தேர்ச்சி பெற ஏறத்தாழ 600 முதல் 750 மணி நேரம் வகுப்பில் இருத்தல் வேண்டுமென்று அது கணக்கிட்டுள்ளது. அங்கே கற்போர் முதிர்ந்தவர். கற்பதனையே தம் வேலையாகக் கொண்டவர். உயர்நிலைப் பள்ளியின் கணக்கோ வேறு. பள்ளி நடக்கும் நாட்கள் ஆண்டுக்கு 180 எனவும், பாடவேளை 50 நிமிடம் எனவும் கொண்டால், ஓராண்டிற் கிடைப்பது 150 மணியே. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் தன்பாற் சேர விழைவோரிடம் ஈராண்டுக் கல்வியை எதிர்பார்க்கின்றது. மூன்றாண்டாயின் நலம் என்கின்றது. ஈராண்டுக்கு 300 மணி. அதிலும் பெயரழைத்தல், தேர்வு, விழா முதலியவற்றிற் கழிவது போக எஞ்சுவது எவ்வளவு? அவ்வெஞ்சிய நேரத்திலும் ஆசிரியர் ஸ்பானிய இலக்கணத்தை ஆங்கிலத்தில் விரித்துரைத்துக்கொண்டே இருப்பாராயின், மாணவன் அம்மொழியைச் செவியாற் கேட்பது எப்போது? வினைச்சொல்லின் வாய்பாடுகளை யெல்லாம் ஒப்பிக்க வல்லவனாய், கடைக்குச் சென்று ஒரு ரொட்டி கேட்க மாட்டாதவனாய் அவன் வெளிவருவான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது வேறெங்கும் இத்துணைப் பொருந்துமோ அறியேன்.

இதுபற்றியே, அயன்மொழி கற்பித்தலுக்கான அமெரிக்கப் பேரவை 2010-ஆம் ஆண்டில், வகுப்பு நேரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்குக் குறையாமல் கற்கும் மொழியையே வழங்குமாறு பரிந்துரைத்தது. அத்துடன் அதற்குரிய வழிகளையும் அது கூறியது. மாணவர்க்கு விளங்கும் அளவிற் பேசுதல், விளங்கிற்றா என இடையிடையே சோதித்தல், விளங்காதவிடத்து விளக்கம் கேட்க மாணவரைப் பழக்குதல் என்பன அவ்வழிகளுட் சில. இவை யாவும் ஆசிரியர் செய்யக் கடவன என்பதை நோக்குக. நம் நன்னூலாரும் பொதுப்பாயிரத்தில் ஆசிரியனது வரலாற்றையும் பாடஞ்சொல்லும் முறையையும் கூறிய பின்னரே மாணாக்கனது வரலாற்றைக் கூறப் புகுந்தார். மேற்சொன்ன ஏட்டிலோ ஆசிரியர் செய்யக் கடவது பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிட, மாணவன் செய்யக் கடவதே பக்கம் முழுதும் நிறைந்திருக்கும்.

இனிப் பிற்பாதிக்கு வருவோம். பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன், கற்கத் தொடங்கி மூன்று திங்களே ஆனவன், தன் உள்ளத்தில் எழுந்ததொரு கருத்தைச் சொல்ல விழைகின்றான். அவன் கைவசமுள்ள ஸ்பானியச் சொற்கள் சில நூறே. ஆங்கிலத்திற் சொன்னால் மதிப்பெண் போகும். ஸ்பானிய மொழியிற் சொல்ல வழியில்லை. அவன் செய்வது யாது? வாயை மூடிக்கொள்கின்றான். மௌனத்துக்குத் தண்டமில்லை யன்றோ? இதனையுணர்ந்த ஆசிரியர் சிலர், வகுப்பிற் கலந்து பேசுதற்கென்று தனி மதிப்பெண் வகுத்து, பேசாதவனுக்கும் அதனைக் குறைப்பர். அப்பொழுது அவன் 'ஸீ' என்றும் 'நோ' என்றும் இரண்டு சொற்களைச் சொல்லித் தப்பிக்கொள்வான். (அம்மொழியில் 'ஸீ' என்பது 'ஆம்' எனப் பொருள்படும், நம் செவிக்கு அது வேறாகக் கேட்பது அவர்கள் குற்றமன்று.) ஆங்கிலத்தைத் தண்டத்தால் விலக்கிய வகுப்பில் ஸ்பானியம் குடிபுகுதல் வேண்டுமென்பது விதி செய்தார் எண்ணம். குடிபுகுவதோ ஊமைத்தன்மையே.

தண்டமின்றேல் சிறுவர் ஆங்கிலத்திலேயே அளவளாவிக் காலங்கழிப்பர் என்று கூறுவாருமுளர். அது மெய்யே. முப்பது பிள்ளைகளை ஓரறையில் வைத்து, அவர்க்கு எளிதான மொழியை விடுத்து அரிதான மொழியிற் பேசுக என்றால், மேற்பார்வை யின்றி அவர் பேசார். ஆயினும் மேற்பார்வை வேறு, தண்டம் வேறு. முதல் நாளிலேயே பத்துத் தண்டங்களை எழுதிக் கொடுப்பதற்குப் பதிலாக, "இதனை எங்ஙனம் சொல்வது?", "மெதுவாகச் சொல்லுங்கள்", "மீண்டும் ஒருமுறை", "எனக்கு விளங்கவில்லை" என்பன போன்ற பத்து வாக்கியங்களை ஸ்பானிய மொழியில் எழுதிக் கொடுத்து, சுவரிலும் ஒட்டி, அவற்றை நாள்தோறும் வழங்கச் செய்யின், ஆங்கிலத்துக்கு ஓடும் பிள்ளைக்கு வேறொரு வாயில் திறந்துவிடும். நல்லாசிரியர் பலர் இதனைச் செய்தே வருகின்றனர். யான் வேண்டுவது, அவர் செயலே விதியேட்டின் முதற்பக்கத்தில் ஏறவேண்டும் என்பதே.

இச்சிறு தண்டத்தை யான் இவ்வளவு பாராட்டுவானேன் எனின், மொழிக்காகப் பிள்ளைகளைத் தண்டித்தல் அந்நாட்டிலே பழையதொரு வழக்கம். 1915-ஆம் ஆண்டில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவருள் ஏறத்தாழ நாலிலொருவர் ஜெர்மானிய மொழி கற்றனர். முதல் உலகப்போர் மூண்டு அம்மொழி பகைமொழியாயிற்று. 1922-இல் அதனைக் கற்றோர் நூற்றுக்கொருவர் கூட இல்லை. நெப்ராஸ்கா மாகாணத்தில், ஒரு லூத்தரன் திருச்சபைப் பள்ளியின் ஆசிரியரான ராபர்ட் மேயர் என்பார், பத்து வயதுப் பிள்ளைக்கு ஜெர்மானிய மொழியில் வேதாகமக் கதைகளைப் படிக்கக் கற்பித்தமைக்காக 1920-இல் குற்றஞ்சாட்டப்பட்டு 25 டாலர் அபராதம் விதிக்கப்பெற்றார். உச்ச நீதிமன்றம் 1923-இல் அத்தீர்ப்பைத் தள்ளியது. ஆயினும் ஜெர்மானிய மொழி பள்ளிகளில் இழந்த இடத்தை மீளப் பெறவில்லை, ஸ்பானியமே வளர்ந்தோங்கியது. இன்று அந்நாட்டுப் பள்ளிகளில் மிகப்பலர் கற்கும் அயன்மொழி அதுவே.

அயன்மொழி என்றேன். அச்சொல்லிலேயே ஓர் இடர்ப்பாடுண்டு. டெக்ஸாஸ், கலிபோர்னியா, நியூ மெக்ஸிகோ முதலிய நாட்டுப்பகுதிகளில் ஆங்கிலம் வருமுன்னரே ஸ்பானியம் வழங்கிற்று. இந்நாளில் நான்கு கோடிக்கு மேற்பட்ட மக்கள் அமெரிக்காவில் தம் இல்லங்களில் அம்மொழியையே பேசுகின்றனர். அவர்தம் முன்னோர் பள்ளியிற் பட்டது என்னை? டெக்ஸாஸில் 1918-ஆம் ஆண்டுச் சட்டம், பொதுப்பள்ளிகளில் ஆங்கிலமல்லாத மொழியாற் பாடம் நடத்துதலைக் குற்றமாக்கியது. அது நீங்கியது 1969-இலேதான். மைதானத்திலும் தாழ்வாரத்திலும் தாய்மொழி பேசிய பிள்ளைகள் அடிபட்டனர். பள்ளி முடிந்த பின்னும் நிறுத்திவைக்கப்பட்டனர். அம்மாகாணத்து மார்ஃபா என்னும் சிற்றூரில், மெக்ஸிக வழிப் பிள்ளைகளுக்கெனப் பிரித்து வைத்திருந்த பிளாக்வெல் பள்ளியில், 1954-ஆம் ஆண்டு ஒரு சவ அடக்கம் நிகழ்ந்தது. பிள்ளைகள் காகிதத் துண்டுகளில் ஸ்பானியச் சொற்களை எழுத, அத்துண்டுகளை ஒரு பெட்டியிலிட்டு மண்ணிற் புதைத்தனர். தம் தாயின் மொழிக்குத் தாமே அடக்கஞ் செய்யுமாறு அப்பிள்ளைகள் ஏவப்பட்டனர். அவருட் சிலர் முதியோராகி 2007-இல் அவ்விடத்திற் கூடி, புதைத்ததை மீட்டெடுப்பதாக ஒரு சடங்கு நிகழ்த்தினர். 1965-இல் மூடப்பெற்ற அப்பள்ளியை நாட்டின் வரலாற்றுச் சின்னமாக ஆக்கும் சட்டம் 2022-இல் நிறைவேறியது.

1968-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் உயர்நிலைப் பள்ளிகளினின்றும் ஆயிரக்கணக்கான மாணவர் வெளியேறினர். ஸ்பானியம் பேசியமைக்காகத் தண்டித்தலை ஒழிக்கவேண்டும் என்பது அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. அன்று தாத்தாவை ஸ்பானியம் பேசியதற்காக அடித்த பள்ளி, இன்று பேரனுக்கு ஸ்பானியம் பேசாததற்காக மதிப்பெண் குறைக்கின்றது. இரண்டும் ஒன்றே என்பது மிகைக் கூற்றாகும். அடியும் அரை மதிப்பெண்ணும் ஒன்றல்ல. ஆயினும் நாவின்மேற் காவல் வைத்தல் இரண்டிற்கும் பொது.

இப்பேரனின் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அடிக்கு அஞ்சிய தாத்தா தம் மக்களுக்கு ஸ்பானியத்தைச் சொல்லிக் கொடாது விட்ட குடும்பங்கள் பல. அத்தகைய குடும்பத்துப் பிள்ளை, தன் பெயரும் முகமும் காட்டும் மொழியை வகுப்பிலே முதன்முதலாகக் கற்க வருகின்றான். அவன் தடுமாறும்போது பிறர் நகைப்பது, வேற்று மரபினன் தடுமாறும்போது நகைப்பது போன்றதன்று. வேறொருவனோ வீட்டிற் பேசிப் பழகியவன். அவன் மோட்டார் வண்டியைத் 'த்ரோக்கா' என்று எழுதுவான்; அவன் அன்னை அங்ஙனமே சொல்வாள். பாடநூல் வேறு சொல்லைத் தந்திருத்தலின் அதன்மேற் சிவப்பு மை விழும். எல் சால்வடார் நாட்டினின்று வந்த சிறுமி, தோழியை 'வோஸ்' என விளிப்பாள். மத்திய அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் அர்ஜென்டினாவிலும் கோடிக்கணக்கானோர் நாவில் வழங்கும் அச்சொல், பல பாடநூல்களில் ஓர் அடிக்குறிப்பளவே இடம் பெறுகின்றது. நூலில் உள்ளதோ 'தூ'வும் 'உஸ்தெத்'தும். நம் 'நீ'யும் 'தாங்க'ளும் போல்வன. பிள்ளையின் வாய்ச்சொல்லைப் பிழையென்னாது, "இஃது உங்கள் இல்லத்து வழக்கு, நூல் வழக்கு இது, இரண்டனையும் அறிந்துகொள்" என்று சொல்ல ஓர் ஆசிரியர்க்கு எத்துணை நேரம் ஆகும்? இத்தகையோர்க்கெனத் தனி வகுப்பு வைத்துள்ள பள்ளிகளும் உள. இல்லாதவிடத்து, விதியேட்டில் இதற்கென ஒரு வரியேனும் இருத்தல் தகும்.

மற்றொரு விதியைப்பற்றியும் சொல்லல் வேண்டும். அதனை யான் முழுமனத்தோடு ஆதரிக்கின்றேன். பொறி கொண்டு மொழிபெயர்த்து வீட்டுவேலையை முடித்து வருதல் கூடாது என்பது அது. 2006-இல் கூகிள் நிறுவனம் மொழிபெயர்க்கும் ஏற்பாட்டை வெளியிட்ட பின்னர் இவ்விதி மொழியாசிரியர்க்கு இன்றியமையாததாயிற்று. முதலாண்டு மாணவன், மூன்றாமாண்டிற் கற்பிக்கப்படும் வினைவடிவங்களைப் பிழையற எழுதி வந்தால் ஆசிரியர் அறியாதிருப்பாரா? ஒரு சொல்லை அகராதியிற் பார்த்தல் கற்றலே. ஒரு பத்தியைப் பொறியினிடம் கொடுத்து வாங்குதல் கல்லாமையே. எழுத்தின்மேல் இடும் அழுத்தக் குறி விடுபட்டமைக்கு மதிப்பெண் குறைப்பதையும் சிலர் கொடுமை யென்பர். 'ஆப்லோ' என்பதை முதலசை அழுத்திச் சொன்னால் 'பேசுகிறேன்'. ஈற்றசை அழுத்திச் சொன்னால் 'பேசினான்'. அவ்வேறுபாட்டை ஏட்டிற் காட்டுவது அச்சிறு கோடு ஒன்றே. அதனை விட்டவன் பொருளையே விட்டவனாதலின், அங்கே குறைப்பது நேர்மையே. தண்டமே கூடாதென்பது என் வாதமன்று. அறிந்து செய்யத்தக்கதைச் செய்யாமைக்கும், இன்னும் அறியாததைச் செய்ய மாட்டாமைக்கும் ஒரே தண்டம் விதித்தலையே மறுக்கின்றேன்.

முடிவாக, அக்கையொப்பத்தைப்பற்றி ஒரு சொல். ஸ்பானிய வகுப்பின் விதிகள் ஆங்கிலத்தில் மட்டும் அச்சிடப்பெற்று இல்லத்துக்கு வருங்கால், ஸ்பானியம் ஒன்றே அறிந்த அன்னை அவற்றைப் படிக்க மாட்டாள். பிள்ளை சொல்லக் கேட்டுக் கையொப்பமிடுவாள். கணக்குப் பாடத்திலும் அறிவியற் பாடத்திலும் அவளால் மகனுக்கு உதவ இயலாது போகலாம். இவ்வொரு பாடத்திலோ அவள் ஆசிரியரினும் மிக அறிந்தவள். அவ்வேட்டின் மறுபக்கத்தில் அதே விதிகளை ஸ்பானிய மொழியில் அச்சிடுக. அவள் அடுக்களை மேசையருகே அமர்ந்து அதனை வாய்விட்டுப் படிப்பாள். நூற்சொல் ஒன்று வீட்டுச்சொல்லினின்று வேறுபடுமாயின் மகனை அழைத்துக் காட்டுவாள். அதன் பின்னர்க் கையொப்பமிடுவாள்.