தானமாகும் உறுப்பும் கேட்கத் தவறும் கேள்வியும்

உறுவையாற்றில் எங்கள் தெருக்காரர் ஒருவர் வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்காக விடியுமுன் பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கிறார். தெருநாய்களுக்காகக் கையில் ஒரு கழி. மூளைச்சாவு அடைந்த ஒருவரின் சிறுநீரகத்துக்காகப் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறார். நாய்க்கடியால் வரும் ரேபிஸ், தானமாகப் பெறும் உறுப்பின் வழியாகவும் வரக்கூடும் என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால், கொள்கை வகுப்போரிடம் சொல்லியாக வேண்டும். 2004இல் அமெரிக்காவின் டெக்சஸில் ஒரே கொடையாளரின் கல்லீரல், இரு சிறுநீரகங்கள், ரத்தநாளத் துண்டு ஆகியவற்றைப் பெற்ற நால்வரும் ரேபிஸால் இறந்தனர். கொடையாளரை வௌவால் கடித்திருந்தது பிறகே தெரியவந்தது. 2005இல் ஜெர்மனியில் வெளிப்பட்ட நிகழ்வில், கொடையாளர் சில மாதங்களுக்கு முன்பு இந்தியா வந்து சென்றவர். அவருடைய நுரையீரல், சிறுநீரகம், கணையம் ஆகியவற்றைப் பெற்ற மூவர் மாண்டனர். கல்லீரல் பெற்றவர் பிழைத்தார். அவர் பல ஆண்டுகளுக்கு முன்பே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்.

இந்த ஒரு விவரமே என்னைப் போன்ற பொருளாதார மாணவனைப் பிடித்து நிறுத்துகிறது. மாற்றுறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்கத் தரும் மருந்துகள் எதிர்ப்பாற்றலைத் தாழ்த்துகின்றன. அதன்பின் போடும் தடுப்பூசி முழுப் பலன் தருவதில்லை. எனவே, காத்திருப்புக் காலமே அதற்கு உகந்த காலம். மாற்றுச் சிகிச்சையின் செலவோடு ஒப்பிட்டால் அந்த ஊசியின் விலை மிகச் சொற்பம்.

இவை அரிய நிகழ்வுகள்தாம். உறுப்புதானத்துக்கு எதிரான வாதமாக இவற்றைக் கொள்ளக் கூடாது. ஐயத்துக்குரிய ஒவ்வொரு கொடையாளரையும் ஒதுக்கினாலும் உயிர்கள் போகும், காத்திருப்போர் பட்டியலில். ஆயினும், உலக ரேபிஸ் மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிகழும் நாடு இது. காரணம் புலப்படாத மூளை அழற்சியால் இறந்தவரின் உறுப்பை ஏற்குமுன் இருமுறை யோசிக்க வேண்டிய நாடும் இதுவே.

எச்ஐவி, மஞ்சள்காமாலைக் கிருமிகளை ரத்தப் பரிசோதனை காட்டிவிடும். ரேபிஸுக்கோ, உறுப்பை எடுப்பதற்குள் கிடைக்கும் சில மணி நேரத்தில் நம்பத்தக்க சோதனை எளிதில் வாய்ப்பதில்லை. மிஞ்சுவது, ‘நாய் ஏதும் கடித்ததா, பிராண்டியதா?’ என்று குடும்பத்தாரிடம் கேட்பது. கதறி அழும் மனைவிக்கு, மூன்று மாதத்துக்கு முன்பு குட்டி நாய் பிராண்டியது நினைவுக்கு வருமா? நாய்க்கடி ஊசிச் சீட்டு எங்கள் பக்கத்து வீடுகளில் சட்டைப்பையிலேயே கிழிந்துபோகும். அந்தப் பதிவைக் கணினியில் ஏற்றி, உறுப்புதான ஒருங்கிணைப்பாளரின் கண்ணில் படச் செய்வது பெரிய செலவில்லை.

சென்ற வாரம் அவரிடம், மருத்துவரைக் கேட்டு ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமே என்றேன். கழியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்: “நாய்தான் இன்னும் கடிக்கலையே சார்!”