விதைக்கும் நாளில் சொல்லுங்கள்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - கணிதம்)

ஊருக்கு ஊர் நீதிமன்றம் இல்லை. ஆனால் ஊருக்கு ஊர் டீக்கடை உண்டு. வழக்கு, வாதம், தீர்ப்பு மூன்றும் ஒரு கிளாஸ் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும் நீதிமன்றம் அது. 2025 நவம்பர் 15-ஆம் நாள் எங்கள் கிராமத்து டீக்கடையில் அப்படியொரு வழக்கு நடந்தது. குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் நிர்வாகத்தினர். அவர்கள் செய்த குற்றம், ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் அணிக்குக் கொடுத்துவிட்டு, 18 கோடி ரூபாய் மதிப்புள்ள சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டது.

“ஏலே, கடைசி ரெண்டு பந்துல பத்து ரன் அடிச்சுக் கப்பு வாங்கிக் குடுத்தவனை வித்துட்டு எவனாவது உருப்படுவானா?” என்றார் மாமா ஒருவர்.

“முப்பத்தேழு வயசாகப் போகுது மாப்ளே. உழுத மாடுன்னு எத்தன நாளைக்குக் கட்டிப் போட்டுத் தீனி வைக்க முடியும்?” என்றார் கடை அண்ணாச்சி.

அந்த பெஞ்சில் உட்கார்ந்து நானும் தீர்ப்புச் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

‘அது அவர்கள் பணம், உனக்கென்ன வந்தது?’ என்று பேராசிரியப் பெருமக்கள் சிலர் கேட்கக்கூடும். ரசிகன் இல்லாமல் ஆட்டம் ஏது? சீட்டு வாங்குபவன், விளம்பரம் பார்ப்பவன், சந்தையில் மஞ்சள் சட்டை வாங்குபவன் எல்லாம் நாம்தாம். எனவே கேள்வி கேட்கும் உரிமை நமக்கு உண்டு; அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அந்த உரிமையை எந்த நாளில், எந்த அளவுகோலைக் கொண்டு பயன்படுத்துகிறோம் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. 2024 நவம்பரில் ஜெட்டா நகரில் நடந்த ஏலத்தில் ரவிச்சந்திரன் அஸ்வினை 9.75 கோடி கொடுத்துச் சென்னை அணி எடுத்தது. ‘நம்ம ஊர்ப் பிள்ளை வீடு திரும்பிட்டான்’ என்று கொண்டாடினோம். 2025 போட்டிகளில் அவர் 9 ஆட்டங்களில் 7 விக்கெட்டுகள்தான் எடுத்தார். அணியும் தன் வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி இடத்துக்குப் போயிற்று. உடனே அதே பெஞ்சு, அதே வாய்கள், ‘வயசானவனுக்கு இத்தனை கோடியா?’ என்று கேட்டன. நண்பர்களே, நவம்பரிலும் அஸ்வினுக்கு வயது 38. மே மாதத்திலும் 38. மாறியது அவர் வயதன்று, எங்கள் நாக்கு!

ஒரு முடிவு சரியா தவறா என்பதை அதன் விளைவை மட்டும் வைத்துச் சொல்வது நியாயமாகாது. முடிவெடுத்த நாளில் என்ன தெரிந்திருந்தது, அன்று வேறு வழி இருந்ததா என்று பார்ப்பதே நியாயம்.

2022 பிப்ரவரி ஏலத்தில் தீபக் சாகரை 14 கோடிக்கு எடுத்தார்கள். புதுப்பந்தில் விக்கெட் எடுப்பவர், மட்டையும் பிடிப்பார். ஏலம் முடிந்த ஒரே வாரத்தில், இந்திய அணிக்கு ஆடும்போது காயப்பட்டார். அந்த ஆண்டு ஓர் ஆட்டம்கூட அவரால் ஆட முடியவில்லை. 14 கோடி வீண்தான். ஆனால் முடிவு தவறா? வரப்போகும் காயத்தை எந்தச் சோசியன் சொல்ல முடியும்?

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அடுத்த ஏலத்தில் பென் ஸ்டோக்ஸுக்கு 16.25 கோடி கொடுத்தார்கள். 2023-இல் அவர் ஆடியது 2 ஆட்டங்கள். எடுத்தது 15 ரன். அதே ஏலத்தில் 50 லட்சத்துக்கு வாங்கிய அஜிங்க்ய ரஹானே, யாரும் எதிர்பாராத வகையில் வெளுத்துக் கட்டினார். கோப்பையும் வந்தது. கோப்பை வந்ததால் ஸ்டோக்ஸின் கணக்கை எவரும் கேட்கவில்லை. தோற்றால் நல்ல முடிவும் தூக்கில் ஏறுகிறது. வென்றால் கேட்க வேண்டிய கேள்வியும் மறந்துபோகிறது. இதுதான் நம் நீதி!

கணிதம் படிப்பவன் என்பதால் ஒரு சிறு கணக்கைச் சொல்ல அனுமதியுங்கள். ஐ.பி.எல். முதற்சுற்றில் ஓர் அணிக்கு 14 ஆட்டங்கள். எல்லா அணிகளும் சமபலம் உடையவை என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆட்டமும் காசைச் சுண்டுவதற்கு ஒப்பாகும். 14 முறை சுண்டினால் தலை 4 முறையோ அதற்குக் குறைவாகவோ விழ எவ்வளவு வாய்ப்பு? 16,384-இல் 1,471, ஏறக்குறைய நூற்றுக்கு 9. அதாவது, எந்தக் குறையும் இல்லாவிட்டாலும் பத்து அணிகளில் ஏறக்குறைய ஒன்று, வெறும் காலத்தின் கோலத்தால், நான்கு வெற்றிக்குள் அடங்கிப்போகும். சென்னை அணி 2022-இலும் 2025-இலும் பெற்ற வெற்றிகள் நான்கு நான்குதாம். இடையில், 2023-இல், கோப்பையையே வென்றது! அணியில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பதினான்கு ஆட்டங்களைக் கொண்டு ஒரு நிர்வாகத்தின் அறிவை அளப்பது, ஒரு மழையைக் கொண்டு ஒரு சம்சாரியின் அறிவை அளப்பதற்குச் சமம் என்கிறேன்.

இந்தச் சண்டை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் பேஸ்பால் என்றோர் ஆட்டம் உண்டு. அங்கே 2002-இல் ஓக்லாந்து நகரத்து அணி, பணக்கார நியூயார்க் யாங்கீஸ் அணி கொடுத்த சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் செலவழித்தது. மற்றவர்கள் மதிக்காத வீரர்களைப் புள்ளிக்கணக்கு பார்த்துப் பொறுக்கி எடுத்தது. இரண்டு அணிகளும் 162 ஆட்டப் பருவத்தில் ஆளுக்கு 103 வெற்றிகள் பெற்றன. ஆனால் அதன்பின் நடந்த குறுகிய சுற்றின் தொடக்கத்திலேயே ஓக்லாந்து தோற்று வெளியேறியது. அன்று சிரித்தவர்கள் பலர். பிற்காலத்தில் மற்ற அணிகள் எல்லாம் அந்த வழியையே பின்பற்றின. தோற்ற அணியின் முடிவே சரியான முடிவாக நின்றது.

வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என்று இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். முதலில் ஆளை ஆராய்ந்து தேர்தல். பின்பு அவனிடம் வேலையை ஒப்படைத்தல். ‘வென்றபின் தெளிதல்’ என்றோர் அதிகாரம் அங்கே இல்லை.

தெரிந்து தெளிவது எப்படி என்று அறிந்தவர்கள் நம் கோவில்பட்டியிலேயே இருக்கிறார்கள். ஹாக்கி மைதானத்து வேலியோரம் காலையில் நிற்கும் பெரியவர்களைச் சொல்கிறேன். ‘அந்தப் பையன் பந்தை வாங்கும்போதே அடுத்த ஆளைப் பார்த்துடுறான், தேறுவான்’ என்பார்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்வார்கள், தவறினால் ஒத்துக்கொள்வார்கள். இவ்வூர் விளையாட்டு விடுதியில் பயின்ற மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடி, வெண்கலம் வென்ற அணியில் இருந்தார்கள். 2024 அக்டோபரில் நடந்த ஹாக்கி லீக் ஏலத்தில் ஆடவர் அணி ஒன்று முழு அணியையும் சேர்க்கச் செலவிடக்கூடிய தொகை 4 கோடிதான். அங்கே ஒவ்வொரு லட்சத்தையும் எண்ணித்தான் கொடுக்க வேண்டும். ஆளைப் பார்த்துத் தேறாமல் கொடுக்க முடியாது.

இப்போது என் தீர்ப்பைச் சொல்கிறேன். ஜடேஜாவைக் கொடுத்தது மனத்துக்கு வருத்தம். ஆனால் முடிவு சரி. முப்பத்தேழை நெருங்கியவரைக் கொடுத்து, முப்பத்தொரு வயதில் தொடக்க ஆட்டமும் விக்கெட் காப்பும் தெரிந்தவரை வாங்கினார்கள். தோனிக்கு 44 வயதான பின், விக்கெட் காக்க இன்னோர் ஆள் தேவை என்பது அன்றே தெரிந்த செய்தி.

அடுத்த மாதம் அபுதாபி ஏலத்தில் செய்ததைத்தான் நான் ஏற்கவில்லை. டிசம்பர் 16 அன்று கையில் இருந்தது 43.40 கோடி. அதில் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்னும் இரண்டு இளைஞர்களுக்கு ஆளுக்கு 14.20 கோடி கொடுத்தார்கள். இருவரின் அடிப்படை விலையும் 30 லட்சம். இருவரும் அதுவரை ஓர் ஐ.பி.எல். ஆட்டமும் ஆடாதவர்கள். திறமைசாலிகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் விதைப்பணத்தில் நூற்றுக்கு 65-ஐ ஒரே மூலையில் கொட்டும் சம்சாரி, வேறு நிலமே இல்லாதவனாக இருக்க வேண்டும். இவர்களுக்கு வேறு நிலம் இருந்தது. ஆகவே முடிவு தவறு. அந்த இருவரும் நூறு நூறாக அடித்தாலும் இந்தத் தீர்ப்பை மாற்ற மாட்டேன். வெறுங்கையோடு திரும்பினாலும் ‘பார்த்தாயா!’ என்று குதிக்க மாட்டேன்.

இப்படித் துணிந்து எழுதியபின் ஒன்று என்னைச் சுட்டது. பிரசாந்த் வீருக்கு வயது 20. எனக்கும் 20. தேறாத பிள்ளை மேல் கையிலுள்ள பணத்தையெல்லாம் வைத்த கதை என் வீட்டுக் கதையும் அல்லவா?

எங்களுக்கு மூன்று ஏக்கர் கரிசல், மானாவாரி. 2018 புரட்டாசியில் என் அய்யா பருத்தியை விட்டுவிட்டு மக்காச்சோளம் விதைத்தார். அக்கம்பக்கத்தில் நல்ல விளைச்சல் கண்ட பயிர். வாங்க ஆளும் இருந்தது. அந்த ஆண்டுதான் படைப்புழு வந்தது. அதற்குமுன் இந்த நாட்டிலேயே இல்லாத புழு. குருத்தைத் தின்று காட்டையே சல்லடையாக்கியது. ஊர் சிரித்தது. அய்யா ஒன்றுதான் சொன்னார்: “வெதைக்கிற அன்னைக்கு ஒருத்தனும் வாயத் தொறக்கல. காஞ்ச பொறவு எல்லாவனும் வாத்தியாரு.” என் அளவுகோலின்படி அய்யா குற்றமற்றவர். அவர் எடுத்த முடிவு சரி, விளைவுதான் பொய்த்தது.

ஆனால் அந்தக் கடனை அடைக்க அதற்கடுத்த ஆண்டு இன்னொரு முடிவும் எடுக்கப்பட்டது. இரண்டு பிள்ளைகளில் ஒன்று படிப்பை நிறுத்த வேண்டும். அக்கா பத்தாம் வகுப்பில் 500-க்கு 452 எடுத்துப் பதினோராம் வகுப்பு முடித்திருந்தாள். நான் எட்டாம் வகுப்பு முடித்தவன். எதிலும் தேறிக் காட்டாதவன். நான் பத்தாம் வகுப்பு வந்த 2021-இல் கொரோனாவால் தேர்வே நடக்கவில்லை. மதிப்பெண் இல்லாமல் எல்லோரும் தேர்ச்சி! படிப்பு நின்றது அக்காவுக்கு. முதலில் வீட்டில் இருந்தபடி தீப்பெட்டி ஒட்டினாள். பிறகு தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நானும் ஓராண்டு அங்கே வேலை பார்த்தேன். என்னைத் திரும்பவும் படிக்க அனுப்பியது அவள் கூலிதான். எங்கள் வீட்டு ஏலத்தில் அக்காவின் பெயர் பட்டியலிலேயே ஏறவில்லை. ‘பொம்பளப் பிள்ளதானே’ என்ற ஒரு சொல்லோடு முடிந்துபோயிற்று.

நாளை நான் பட்டம் வாங்கலாம், வேலைக்கும் போகலாம். ‘பையனைப் படிக்க வைத்தது எவ்வளவு நல்லதாயிற்று!’ என்று டீக்கடை தீர்ப்பு எழுதும். கோப்பை வந்ததும் ஸ்டோக்ஸின் கணக்கை மறந்தது போல, அக்காவின் கணக்கையும் மறந்துவிடும். நான் மறக்க முடியாது. முடிவெடுத்த நாளில் தெரிந்திருந்தது எது? 452. வேறு வழி இருந்ததா? இருந்தது. மக்காச்சோளத்துக்காக அய்யாவை விடுதலை செய்த அதே அளவுகோல் இங்கே அவரைக் குற்றவாளி என்கிறது. நான் எவ்வளவு உயர்ந்தாலும் அந்த முடிவு சரியாகிவிடாது. இதை எழுதுமுன் அய்யாவிடமும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “எழுதுய்யா” என்றார்.

நண்பர்களே, தீர்ப்புச் சொல்வதை நிறுத்தாதீர்கள். கிரிக்கெட் நிர்வாகமானாலும், ஊராட்சி ஆனாலும், சொந்த வீடானாலும் கேளுங்கள். ஆனால் அறுவடைக் களத்தில் நின்று கேட்காதீர்கள். விதைக்கும் நாளில் சொல்லுங்கள். நாளையும் போட்டு நோட்டில் எழுதி வையுங்கள், தவறினால் ஒத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் ஒரு பட்டியல் இருக்கும். அதில் ஏறாமல் போன பெயர் எது என்று ஒருமுறை பாருங்கள்.

என் அக்காவுக்கு இன்று வயது இருபத்து மூன்று. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம் என்று விசாரித்து வந்திருக்கிறேன். அவள் சிரிக்கிறாள், ‘இனிமே எதுக்குடா?’ என்கிறாள். அவள் எழுத வேண்டும் என்பது என் தீர்ப்பு. முடிவு தெரியுமுன்பே, இதோ, எழுதி வைத்துவிட்டேன்.