ஒரே சாலைக்கு மூன்று எண்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நெடுஞ்சாலை எண்களின் குழப்பம் குறித்துத் தங்கள் பத்திரிகையில் வெளிவந்த கட்டுரையின் அபிப்பிராயத்தை நான் பூரணமாக ஆமோதிக்கிறேன். சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் சாலை வெகுகாலம் 45 என்ற ஒரே எண்ணால் வழங்கிவந்தது. 2010-ஆம் ஆண்டின் மாற்றத்துக்குப் பிறகு அதே சாலை திண்டிவனம் வரையில் 32 என்றும், அங்கிருந்து விழுப்புரம் வரையில் 132 என்றும், அதற்கப்பால் 38 என்றும் துண்டுபட்டுக் கிடக்கிறது. வடக்கு தெற்காகச் செல்வனவற்றுக்கு இரட்டைப்படை, கிழக்கு மேற்காகச் செல்வனவற்றுக்கு ஒற்றைப்படை என்ற ஏற்பாட்டில் எனக்கு ஆட்சேபமில்லை. ஏற்பாடு காகிதத்தில் மாறிய வேகத்தில் சாலையோரக் கற்கள் மாறவில்லை என்பதே என் விசனம்.

உளுந்தூர்பேட்டைக்கருகே ஓர் இரவு, விபத்தில் அடிபட்டவர்களுக்காக நான் உதவி கோரித் தொலைபேசியில் பேசியபோது, எதிரே நின்ற மஞ்சள் தலைக் கல்லில் சுண்ணாம்பு உதிர்ந்து 45 என்றே தெரிய, மறுமுனையில் இருந்தவரோ 38-இல் எத்தனையாவது கிலோமீட்டர் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அருகிலிருந்த டீக்கடையின் பெயரைச் சொல்லித்தான் ஸ்தலத்தை விளங்கவைக்க முடிந்தது. அந்தத் தாமதம் யாருக்கும் நேரக்கூடாது.

ஆகவே, சென்னை முதல் திருச்சி வரை ஒரே எண்ணை மீண்டும் வழங்குவதைச் சம்பந்தப்பட்டவர்கள் பரிசீலிக்க வேண்டும். அது அசாத்தியமானால், பழைய கற்களை ஒன்றுவிடாமல் திருத்தி, எண் மாறும் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும், புதிய எண்ணின் கீழ்ப் பழைய எண்ணையும் காட்டும் பெரிய பலகைகளைத் தமிழில் நிறுத்துவார்களாக.

இங்ஙனம்,
ஒரு வாசகர், விழுப்புரம்